டிராக்டருக்குப் பெண் பார்த்த கதை

ஆலங்குளத்துக்குத் தெற்கே ஓணான்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு ரோடு உண்டு, பஸ் கிடையாது. ரோடு போட்ட புதிதில் 'பஸ் நிற்குமிடம்' என்று ஒரு பலகை நட்டார்கள். ஓணான்குறிச்சிக்காரர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வந்த முதல் பஸ்ஸை மூன்று நாள் நகர விடாமல் அங்கேயே நிற்க வைத்துவிட்டார்கள். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு போயிற்று, அதில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு எந்த பஸ்ஸும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த ஊரில் பூவலிங்கம் என்று ஒருவர். தங்கமான மனுஷன். அவருக்கு ஒரு டிராக்டர், ஒரு மனைவி, மூன்று நண்பர்கள். டிராக்டராலும் மனைவியாலும் அவருக்கு இன்றுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

நண்பர்களில் மூத்தவர் ஆவுடையப்பன். ரேஷன் கடையில் எடை போட்டு ரிட்டயரானவர், பஞ்சாங்கம் பார்ப்பார். இரண்டாமவர் கோமதிநாயகம். ஒரே ஒரு தடவை தென்காசி கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போய்வந்தார், அன்றிலிருந்து எதிரே வருகிறவனையெல்லாம் குறுக்கு விசாரணை செய்கிறார். மூன்றாமவர் பேச்சிமுத்து. எதற்கெடுத்தாலும் அழுதுவிடுவார். வேறு வேலை கிடையாது.

பூவலிங்கத்தின் மனைவி செண்பகவடிவுக்கு ஒரே ஓர் ஆசை. குற்றாலத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். ஊரிலிருந்து குற்றாலம் நாற்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். "கூட்டிட்டுப் போறேன்" என்று பூவலிங்கம் தாலி கட்டிய அன்று சொன்னார். அது ஆயிற்று இருபத்திரண்டு வருஷம்.

போகாமல் இல்லை, இரண்டு தடவை போனார்கள். முதல் தடவை அருவியில் வெள்ளம். போலீஸ்காரர்கள் 'குளிக்கத் தடை' என்று பலகை வைத்திருந்தார்கள். பூவலிங்கமும் நண்பர்களும் சட்டத்தை மதிக்கிறவர்கள். அப்படியே ஊர் திரும்பி, ஒன்பது நாள் வீட்டிலும் குளிக்காமல் இருந்தார்கள். பத்தாம் நாள் அக்கம்பக்கத்தார் கூடித்தான் தடையை நீக்கினார்கள்.

இரண்டாம் தடவை லாட்ஜில் அறை எடுத்தார்கள். 'காலை ஒன்பது மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்' என்று சுவரில் எழுதியிருந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தது எட்டரை மணிக்கு. பணத்தைக் கட்டி, முகம் கழுவி, கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து, சரியாக ஒன்பதுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார்கள். "ஒரு நிமிஷம் பிந்தலை பாத்தியா?" என்று பூவலிங்கம் வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தார். வடிவு ஆலங்குளம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

இந்த வருஷம் ஆனி பிறந்தது, சாரல் தொடங்கியது. வடிவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தச் சாரல் முடியுறதுக்குள்ள நான் குத்தாலத்துல படுத்து, குத்தாலத்துல முழிக்கணும். இல்லன்னா சூரத்துல இருக்க எந்தம்பி வீட்டுக்கு ரயிலேறிருவேன். அதுக்கப்புறம் நீங்களும் உங்க மூணு கூட்டாளியும் சேந்து பொங்கித் தின்னுங்க."

குரல் உயரவே இல்லை. அதுதான் பூவலிங்கத்துக்குப் பயம். வடிவு சத்தம் போட்டால் சும்மா. சத்தம் போடாமல் சொன்னால் செய்துவிடுவாள். வடிவு இல்லாத வீட்டை அவர் நினைத்துப் பார்த்தார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

நேரே ஆலங்குளத்துக்குப் போய் மெக்கானிக் ஐசக்கிடம் முறையிட்டார். ஐசக் விவரமான ஆள். "லாட்ஜே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு கேரவன் வாங்கிப் போடுங்க" என்றார்.

"அதுல சினிமாக்காரங்கதான உக்காந்து மேக்கப் போடுவாங்க?"

"அது வேற. நான் சொல்லுறதுல எஞ்சினே கிடையாது. சக்கரம் வச்ச வீடு. உங்க டிராக்டர்ல கொக்கி போட்டு இழுத்துட்டுப் போயி அருவிப் பக்கம் நிறுத்தி மைனியைத் தூங்க வைங்க. ரெண்டு வண்டி எனக்குத் தெரிஞ்சு விலைக்கு இருக்கு. ஒண்ணு திருநெல்வேலி ஷோரூம்ல புத்தம் புதுசு, ஆனா சாதாரண அயிட்டம். இன்னொண்ணு குத்தாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுல நிக்கு. பழசுதான், ஆனா ராசா வீட்டுச் சாமான். விலை ரெண்டும் ஒண்ணுபோலதான் வருது."

"அப்ப எதை வாங்க?"

ஐசக் டயரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அதை நான் சொல்லக்கூடாது. வீட்டுக்குப் பொண்ணு எடுக்குற மாதிரி நாலையும் விசாரிச்சு, நேர்ல பாத்து எடுங்க. பெயிண்டைப் பாத்து மயங்கிராதீங்க."

பாவம், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று ஐசக்குக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டிராக்டர் கொட்டகையில் நால்வரும் கூடினார்கள்.

"பொண்ணு எடுக்குற மாதிரின்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அவரு தொழில் தெரிஞ்சவரு, காரணம் இல்லாமச் சொல்ல மாட்டாரு. சரி, மாப்பிள்ளை யாரு?" என்று தொடங்கினார் ஆவுடையப்பன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீரு எதுக்குவே வெக்கப்படுதீரு?" என்று அதட்டினார் கோமதிநாயகம். "உமக்கு ஏற்கெனவே ஆயிட்டு. கொக்கி போட்டுக் கூட்டிட்டுப் போயி குடும்பம் நடத்தப் போறது யாரு?"

நாலு பேரும் மெல்லத் திரும்பி டிராக்டரைப் பார்த்தார்கள். அது ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்து மாப்பிள்ளைக்கு ஜாதகம் கணித்தார் ஆவுடையப்பன். பங்குனி மாதம், உத்திர நட்சத்திரம், வயது ஒன்பது. உடனே கோமதிநாயகம் எழுந்துவிட்டார்.

"ஆட்சேபணை! ஒன்பது வயசுப் பயலுக்குக் கல்யாணம் பண்ணி வச்சா நம்ம நாலு பேரும் உள்ள போவோம். சட்டப்படி இருபத்தொண்ணு ஆகணும்."

பூவலிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. இன்னும் பன்னிரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னால் வடிவு பொறுப்பாளா? ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்து, டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்பக்கத் தகட்டைக் காட்டினார். "நாப்பத்தஞ்சு ஹெச்.பி.ன்னு போட்டிருக்கே, இது என்ன? பயல் நாப்பத்தஞ்சைத் தாண்டி நிக்கான்வே."

"ஐயோ, இம்புட்டு நாளா ஒத்தையிலயா நின்னான்?" என்று பேச்சிமுத்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வடிவு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "டிராக்டருக்குப் பொண்ணு பாருங்க, பாக்காமப் போங்க. நான் எப்பக் குத்தாலத்துல முழிப்பேன்? அதைச் சொல்லுங்க."

"மைனி, கல்யாணத்தை வச்சுக்கிட்டு வீட்டுல இப்படிப் பேசலாமா? மாமியாரா லட்சணமா இருங்க" என்றார் ஆவுடையப்பன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து திருநெல்வேலி ஷோரூமுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளையைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, சந்தனம் வைத்து, ரோஜா மாலை போட்டிருந்தது. பின்னால் இழுவைப் பெட்டியில் தாம்பூலத் தட்டு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. நடுவில் வடிவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷோரூமில் டை கட்டிய ஒரு தம்பி வாய்நிறையச் சிரிப்போடு ஓடிவந்தான். ரோஷன் என்று பெயர். "வாங்க சார், எங்க பட்ஜெட் மாடலைப் பாருங்க, ஃபேமிலிக்குன்னே செஞ்சது" என்றான்.

"பாருங்க, குடும்பத்துக்கு ஏத்த பொண்ணுன்னு பெத்தவங்களே சொல்லுதாங்க" என்று ஆவுடையப்பன் காதைக் கடித்தார்.

கேரவன் வெள்ளை வெளேரென்று நின்றது. உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, ஒற்றை அடுப்பு, ஒரு மின்விசிறி. சுவரை விரலால் தட்டினால் தீப்பெட்டி மாதிரி சத்தம் கேட்டது.

"பொண்ணைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றார் கோமதிநாயகம்.

ரோஷன் விழித்தான். நாலு பேரும் சேர்ந்து கேரவனைப் பத்தடி தள்ளிப் பார்த்தார்கள். கால் ஊனம் இல்லை என்று தெரிந்தது.

"பாடத் தெரியுமா?"

"மியூசிக் சிஸ்டம் இந்த மாடல்ல வராது சார். வேணும்னா தனியா மாட்டிக்கலாம்."

"சரி, வந்த பிறகு கத்துக்கிடட்டும். பொண்ணு உடம்புக்கு ஏதாவது வந்தா?"

"ரெண்டு வருஷம் வாரன்ட்டி சார். என்ன ரிப்பேர் வந்தாலும் எங்க செலவுல பாத்துத் தருவோம்."

நால்வருக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பிறகும் இரண்டு வருஷம் வைத்தியம் பார்க்கிற பெற்றோர் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்கள்! ஒரு வாளியும் இரண்டு மடக்கு நாற்காலியும் இலவசம் என்று ரோஷன் சொன்னபோது, "வசதியில்லாத இடம்தான், இருந்தாலும் சீருக்குக் குறை வைக்கலை" என்று பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஜ்ஜியும் சொஜ்ஜியும் வராததுதான் ஆவுடையப்பனுக்குக் குறை. ரோஷன் மிஷினில் காப்பி பிடித்துக் கொடுத்து ஒருமாதிரி சமாளித்தான்.

"இந்தக் காலத்துல பிள்ளைங்க தனியாப் பேசணும்னு நினைக்கும்" என்று சொல்லி, டிராக்டரைக் கேரவனுக்கு எதிரே நிறுத்திவிட்டு எல்லோரும் அரைமணி நேரம் ரோட்டில் போய் நின்றார்கள். ரோஷனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் டிராக்டர் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிறது.

"பயல் ஒரு அடி எடுத்து வைக்கலையே. மனசுல ஏதோ இருக்கு" என்றார் ஆவுடையப்பன். "ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்" என்று ரோஷனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்தத் தம்பி இன்றைக்கும் லெட்டரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் பங்களாவுக்குப் போனார்கள். மலையடிவாரம்; தூரத்தில் அருவிச் சத்தம்; முகத்தில் சாரல். மலையாளத்துக்காரரான மேனேஜர் குரியன் குடையைப் பிடித்துக்கொண்டு பலாமரத்தடியில் நின்ற கேரவனைத் திறந்து காட்டினார். அம்மாடி! உள்ளே மெத்தை போட்ட கட்டில், சோபா, ஃபிரிட்ஜ், ஏ.சி., ஆளுயரக் கண்ணாடி, குழாயைத் திருகினால் வெந்நீர். வடிவு கட்டிலில் உட்கார்ந்தாள். கையால் மெத்தையைத் தடவினாள். ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். அப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்னங்க, இதுதான்" என்றாள்.

பூவலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். இதுவே ஆகட்டும் என்று அவர் வாய் திறப்பதற்குள் கோமதிநாயகம் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"பொண்ணுக்கு இது ரெண்டாவதாமே? முதல் இடத்துல என்ன தகராறு?"

"தகராறு ஒண்ணுமில்லை. முதலாளி லண்டன் போயி. இனி வராது" என்றார் குரியன்.

"கட்டினவன் சீமைக்குப் போயி கைவிட்டுட்டானா!" பேச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனை வருஷம் கூட இருந்தாரு?"

"வருஷத்துக்கு ரெண்டு நாள் வந்து உபயோகிக்கும். அவ்வளவுதான்."

"பின்னால சின்னதா ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கே, அது யாரு?"

"அது ஜெனரேட்டர். வண்டி கூடவே சேர்ந்தது. தனியாக் கொடுக்காது."

நால்வரும் ஒதுங்கிப் போய்த் தலையோடு தலை சேர்த்தார்கள்.

"கைப்பிள்ளையோட வாரா. ஊரு என்ன பேசும்?" என்றார் கோமதிநாயகம்.

"பிள்ளை என்னவே பண்ணிச்சு? நம்ம டிராக்டர் பெருந்தன்மையானவன், சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கிடுவான்" என்று தேம்பினார் பேச்சிமுத்து.

ஆவுடையப்பன் வண்டியின் காகிதங்களைப் பார்த்துவிட்டு முகம் கறுத்தார். "பிள்ளையைக்கூட விடுங்க. பொண்ணு மாப்பிள்ளையைவிட மூணு வயசு மூப்பு. அதுக்கும் மேல, மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகவே ஆகாது."

"மாமனாருன்னா?"

மூன்று பேரும் பூவலிங்கத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பூவலிங்கம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கேரவன் ஜன்னலில் தெரிந்த வடிவைப் பார்த்தார். "ஆகாதுன்னா ஆகாமப் போகட்டும். மூலம் என்னைக்காவதுதான் கொல்லும். அவ சூரத்துக்குப் போயிட்டா எனக்கு அன்னைக்கே சீவன் போயிரும்" என்றார்.

"அப்படின்னா பிள்ளைங்க பேசி முடிவு பண்ணட்டும்" என்றார் ஆவுடையப்பன். வடிவை இறங்கச் சொல்லி, மேட்டில் டிராக்டரை நிறுத்தி, எல்லோரும் நாகரிகமாக முதுகைக் காட்டிக்கொண்டு பங்களாவுக்குப் பின்னால் போனார்கள்.

மேட்டில் நிறுத்திய வண்டிக்குச் சக்கரத்தடியில் கட்டை போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, டமால் என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் டிராக்டர் சரிவில் இறங்கி வந்து கேரவன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. கதவோரம் ஒரு குழி.

ஆவுடையப்பன் துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். "தனியா விட்டது தப்பாப் போச்சே!"

குரியன் குடையை மடக்கினார். "இடிச்சது நீங்க. இனி யாரும் இதை வாங்காது. நீங்கதான் எடுக்கணும்."

"நியாயமான பேச்சு. தொட்டவன் கட்டித்தான் ஆகணும். இதுக்கு மேல விசாரணை இல்லை" என்று கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னார். புதுசா பழசா, மலிவா உசத்தியா என்று ஊரெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயம் இப்படியாக ஓணான்குறிச்சிக்காரர்களுக்கு ஒரே இடியில் தீர்ந்துபோயிற்று.

நிலம் விற்ற பணம் கையில் இருந்தது, கொடுத்தாயிற்று. ஆனி பத்தொன்பதில் முகூர்த்தம். பலாமரத்தடியிலேயே பந்தல். டிராக்டர் கொக்கியையும் கேரவன் கொக்கியையும் சேர்த்து மஞ்சள் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டார் ஆவுடையப்பன். இரண்டு கொக்கியையும் பூட்ட ஐசக் கொடுத்தனுப்பிய இரும்புப் பின்னை எடுத்துக் காட்டினார் பூவலிங்கம்.

"மூணு முடிச்சுக்கு மேல இரும்பு எதுக்குவே? நம்பிக்கை இல்லாமலா கட்டி வைக்கோம்?" என்று தடுத்தார் ஆவுடையப்பன்.

வடிவு உள்ளே ஏறி மெத்தையில் படுத்தாள். டிராக்டர் மேளதாளத்தோடு புறப்பட்டது. பெண்ணை அழைத்துப் போகையில் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை, அதனால் ஒருவரும் திரும்பவில்லை. நாற்பது கிலோமீட்டர் கழித்து ஓணான்குறிச்சியில் ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள்தான், "மாப்பிள்ளை வந்துட்டாரு, பொண்ணு எங்க?" என்று கேட்டார்கள். கொக்கியில் அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடினால் கேரவன் பலாமரத்தடியிலேயே நிற்கிறது. வடிவு கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஊரு வந்துட்டா? உசத்தியான வண்டி உசத்தியான வண்டிதாங்க. ஒரு குலுக்கல் இல்லை. நல்லாத் தூங்கிட்டேன்." எங்கே தூங்கினாள் என்று பூவலிங்கம் சொன்னபோது, "அடப்பாவிங்களா, குத்தாலம்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் சாரலையாவது பாத்திருப்பேனே! ராத்திரித் தூக்கம்தான் கணக்கு, இது செல்லாது" என்று சொல்லிவிட்டாள். இந்த முறை இரும்புப் பின் போட்டு இழுத்து வந்தார்கள்.

நாளைக்கே குற்றாலம் கிளம்பிவிடலாம் என்று பூவலிங்கம் நினைத்தார். ஆனால் புதுப்பெண் மாப்பிள்ளைக்கு விருந்து என்று ஒன்று இருக்கிறதே! நாளுக்கு ஒரு வீடாக அழைத்தார்கள். மாப்பிள்ளைக்கு டீசல், பெண்ணுக்குத் தொட்டி நிறையத் தண்ணீர், பிள்ளைக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். வடிவு உள்ளே கொஞ்சம் படுக்கலாம் என்று கதவைத் திறந்தால், "மைனி, பொண்ணு அசதியா இருக்கா" என்று மூன்று பேரும் மறித்தார்கள். இப்படியே ஆனி முடிந்தது.

ஆனி கடைசி நாள் வடிவு இரண்டு பைகளைக் கட்டி வாசலில் வைத்தாள். ஒன்றில் குற்றாலத்துக்குத் துணிமணி. இன்னொன்றில் சூரத்துக்கு. "எதைத் தூக்கணும்னு நாளைக் காலையில சொல்லுங்க" என்றாள்.

பூவலிங்கம் டிராக்டரைத் துடைக்க ஓடினார். கொட்டகையில் ஆவுடையப்பன் பஞ்சாங்கத்தோடு நின்றார்.

"நாளைக்கு ஆடி ஒண்ணு. புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பணும்."

"வே, நாளைக்குக் குத்தாலம் போகலைன்னா எம்பொண்டாட்டி சூரத்துக்குப் போயிருவா!"

"வீட்டு விஷயத்தைப் பேசாதீரு. ஆடியில பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேத்து வச்சா என்ன ஆகும்? சித்திரையில பிள்ளை பிறக்கும். அக்கினி நட்சத்திரத்து வெயில்ல பச்சை டயர் தாங்குமா?"

பூவலிங்கம் அப்படி யோசிக்கவில்லை. யோசித்ததும் அவருக்கே பதறியது. பிறக்கப்போகிற சின்னக் கேரவன் உச்சிவெயிலில் உருகுவதை நினைத்துப் பேச்சிமுத்து கொட்டகைத் தூணில் சாய்ந்துவிட்டார்.

தொங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போய் வடிவிடம் விஷயத்தைச் சொன்னார் பூவலிங்கம். அவள் கேட்டுக்கொண்டாள். "அம்மா வீடுன்னா எது?"

"எஸ்டேட் பங்களா."

"ஒரு மாசம் அங்க நிக்குமா?"

"நிக்கும்."

வடிவு சூரத்துப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். "புதுப்பொண்ணைத் தனியா அனுப்பக்கூடாது. துணைக்கு நான் போறேன்."

ஆடி ஒன்றாம் தேதி கேரவன் பலாமரத்தடிக்கே போய்ச் சேர்ந்தது. இவர்கள் எதற்காகக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று குரியனுக்குப் புரியவில்லை. வடிவு அவரிடம் தனியாக ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு கேட்டைத் திறந்துவிட்டார். பூவலிங்கமும் பின்னாலேயே நுழையப் போனார். ஆவுடையப்பன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆடியில பொண்ணு வீட்டுல தங்கக்கூடாதுவே!"

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. "முழிச்சுட்டேங்க" என்றாள் வடிவு. "அருவிச் சத்தம் கேக்கு. ஜன்னலைத் திறந்தா சாரல் மூஞ்சியில அடிக்கு. வெந்நி வருது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க இல்லாமத்தான் என்னமோ மாதிரி இருக்கு. இருபத்திரண்டு வருஷம் உங்களைத்தான கூட்டிட்டுப் போகச் சொன்னேன்?"

பூவலிங்கம் போனைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பேச்சிமுத்துவே பக்கத்தில் வந்து தேற்ற வேண்டியதாயிற்று. அந்த நிமிஷமே டிராக்டரைக் கிளப்பினார்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிடக் கூடாதே! கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஹெட்லைட் இரண்டையும் கோமதிநாயகத்தின் வேட்டியால் கட்டிவிட்டார்கள். அவர் துண்டோடு நின்றார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் வடிவு. இந்தப் பக்கம் பூவலிங்கம். நடுவே முறை. மூன்று பேரும் மழையில் நனைந்தபடி ஒரு மணி நேரம் ஆலோசித்தார்கள்.

கோமதிநாயகம்தான் வழி கண்டுபிடித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரரு தங்கக்கூடாது. ஆனா பொண்ணு வீட்டுக்காரரு தங்கலாமுல்ல? இவரு கட்சி மாறிட்டா?"

எல்லோருக்கும் இது சரியாகப் பட்டது. பூவலிங்கம் டிராக்டர் சாவியை ஆவுடையப்பன் கையில் கொடுத்து, "இன்னையிலிருந்து டிராக்டர் உங்க பிள்ளை, கேரவன் எங்க பொண்ணு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு கேட்டுக்குள் காலை வைத்தார். வடிவு அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டாள். இரண்டு பேரும் கேரவன் படியில் ஒட்டி உட்கார்ந்து சாரலைப் பார்த்தார்கள். குரியன் பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொண்டுவந்து கொடுத்தார். பூவலிங்கத்துக்கு இந்த உலகத்தில் இனி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வெளியே ஆவுடையப்பன் கனைத்தார். சாவி கைக்கு வந்த ஐந்தாம் நிமிஷத்திலேயே அவர் குரல் மாறிவிட்டது. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, டிராக்டர் மட்கார்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தி" என்று கூப்பிட்டார். "சாயா குடிக்கிறதெல்லாம் இருக்கட்டும். ஆடிச் சீர் எங்க?"

பூவலிங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "என்ன செய்யணும்னு சொல்லுங்க சம்பந்தி. பொண்ணைப் பெத்தவன், என்னால ஆனதைச் செய்யுதேன்."

"நாங்க பெருசா ஒண்ணும் கேக்கலை. மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள். அது வந்தாத்தான் ஆவணியில பொண்ணைக் கூட்டிட்டுப் போவோம். இல்லன்னா உங்க பொண்ணு உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

கோமதிநாயகம் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றார். பெண்ணின் கதியை நினைத்துப் பேச்சிமுத்து விசும்பினார்.

குரியனுக்குப் பொறுக்கவில்லை. "டிராக்டருக்கு எதுக்கய்யா மோட்டார் சைக்கிள்?" என்று கத்தினார்.

ஆவுடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டீரு போங்க. மாப்பிள்ளை டீசல் தீந்து நடுவழியில நின்னுட்டாரு, வச்சுக்கிடும். டீசல் வாங்க பெட்ரோல் பங்க்குக்கு எதுலவே போவாரு? நடந்தா?"